பண்பாட்டை வளர்க்கச் சொல்கிறார்கள், சம்பளத்தை யார் பேசுவது? – கே.எல். ஃப்ரீலான்ஸ் இசைக்கலைஞர் இழை

செந்தூல் கீபோர்டு | வெள்ளி, இரவு 11:40

நம் மலேசியாவில் தமிழ்ப் பண்பாடு பற்றிப் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. பொங்கல் விழா, தீபாவளி விருந்து, கட்சி ஆண்டுக்கூட்டம், எங்கு போனாலும் அந்தப் பேச்சு உண்டு. பேச்சு முடியும்வரை மேடை ஓரத்தில் கருவியோடு காத்திருக்கிறவனுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. நான் அப்படிக் காத்திருக்கிறவன். கோலாலம்பூரில் கீபோர்டு வாசிப்பதுதான் என் முழுநேரத் தொழில்.

வாரநாள் காலைகளில் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பேன். கல்யாண டின்னரில் பாடப்போகிறவர்களுக்கு மைனஸ் ஒன் (குரல் இல்லாத பின்னணி இசை) செய்வது, சுருதியை ஏற்றி இறக்குவது, பழைய பாட்டென்றால் ஒவ்வொரு கருவியாகக் கேட்டு மறுபடி வாசித்துப் பதிவது. மதியத்துக்குப் பிறகு செந்தூல், கெப்போங் பக்கம் பிள்ளைகளுக்கு வீட்டு வகுப்பு. வெள்ளி, சனி, ஞாயிறு மேடை. கிள்ளானில் ஒரு மண்டபம் என்றால் மதியம் இரண்டு மணிக்கே போய்விட வேண்டும். மாப்பிள்ளையும் பெண்ணும் எட்டரைக்குத்தான் உள்ளே வருவார்கள். சாமான் ஏற்றி வீடு திரும்பும்போது இரவு இரண்டு. இதற்குக் கிடைப்பது 300, 350 வெள்ளி (ரிங்கிட்). டோல், பெட்ரோல், மாமாக் கடையில் சாப்பாடு எல்லாம் அதற்குள்தான்.

ஆடியில் கல்யாணம் கிடையாது, மார்கழியிலும் கிடையாது. ரமலான் மாதத்தில் ஹோட்டல் லவுஞ்சுகளில் நேரடி இசை பெரும்பாலும் நின்றுவிடும். 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது எல்லாமே நின்றது. எங்கள் குழுவில் இருந்த டிரம்மர் அப்போது ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போனார். இன்றுவரை அங்கேதான் இருக்கிறார். அவர் கைக்கு ஈடாக இன்னொரு கையை நான் இன்னும் பார்க்கவில்லை.

என் தாத்தா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர். மாதா மாதம் தேதி தவறாமல் சம்பளம், வயதான பிறகு பென்ஷன். அதே ரயில்வே வளாகத்தில்தான் 2005இல் கே.எல்.பேக் என்கிற நிகழ்கலை அரங்கத்தைத் திறந்தார்கள். நான் அங்கேயும் வாசித்திருக்கிறேன். தாத்தாவுக்கு இருந்த சம்பளத் தேதி பேரனுக்கு இல்லை. எனக்கு வலிப்பது அதுதான்.

1971இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாட்டிலிருந்து தேசியப் பண்பாட்டுக் கொள்கை பிறந்தது. அதில் நமக்கு இடம் எங்கே என்று நம் தலைவர்கள் அப்போதிருந்து கேட்டு வருகிறார்கள். நியாயமான கேள்விதான். 2007 நவம்பர் 25 அன்று இந்தியர் உரிமை கேட்டு நடந்த இண்ட்ராப் பேரணியில் கண்ணீர்ப்புகைக்கு நடுவே ஓடியவர்களில் நானும் ஒருவன். அதன் பிறகு நமக்கென்று ஒதுக்கீடுகள் வந்தன, 2018இல் இந்தியர் மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவாக மித்ரா வந்தது, ஆண்டுக்கு 100 மில்லியன் வெள்ளி என்று அறிவித்தார்கள். பண்பாட்டுக்கு இடம் கேட்கிற எவரும் அந்த இடத்தில் நின்று வாசிக்கிறவனின் கூலியையும் சேர்த்துக் கேட்டதாக நான் பார்க்கவில்லை. இங்கே மற்ற கலைஞர்கள் இருந்தால் சொல்லுங்கள், உங்கள் நிலைமை என்ன?

---

கிள்ளான் சவுண்ட் | சனி, காலை 9:05

அண்ணே, ஸ்பீக்கர் ஏற்றுகிற எங்களுக்கும் இதே கதைதான். கேக்குக்கும் பூ அலங்காரத்துக்கும் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டுகிற குடும்பம், பிஏ சிஸ்டத்துக்கு மட்டும் "முடிந்ததும் பார்த்துக்கலாம்" என்கிறது.

---

ஈப்போ வாத்தியார் | சனி, காலை 11:30

தம்பி செந்தூல் எழுதியதை முழுவதும் படித்தேன். உழைப்புக்குக் கூலி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்தேன், கோயில் நிர்வாகத்திலும் இருக்கிறேன். நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் திருவிழா என்றால் பகலில் பால்மரம் சீவியவர்களே இரவில் ஆர்மோனியம் வாசித்தார்கள், நாடகம் போட்டார்கள், காவடிச்சிந்து பாடினார்கள். யாரும் விலை பேசவில்லை. கலையை அவர்கள் சாமிக்கும் ஊருக்கும் செய்கிற கடமையாக நினைத்தார்கள். அதனால்தான் அது இந்த மண்ணில் இத்தனை காலம் நின்றது.

இன்று ஒரு தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழாவுக்கு இசைக்குழு கேட்டால் 3,000 வெள்ளி என்கிறார்கள். நாற்பது, ஐம்பது மாணவர்கள் படிக்கிற சிறிய பள்ளி அதற்கு எங்கே போகும்? எல்லாவற்றுக்கும் விலைச்சீட்டு ஒட்டினால் ஏழைப் பிள்ளைகள் நேரடி இசையையே கேட்காமல் வளர்வார்கள். என் கவலை அது.

---

மேடைப்பாடகி பி.ஜே. | சனி, மதியம் 2:15

வணக்கம் ஐயா. உங்கள் மேல் மரியாதை வைத்தே பதில் எழுதுகிறேன்.

அந்தத் தோட்டத்துக் கலைஞர்களுக்குத் தோட்டச் சம்பளம் இருந்தது. லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வீடு இருந்தது, தோட்ட மருந்தகம் இருந்தது. சம்பளம் குறைவுதான், வீடு சிறியதுதான், ஆனால் மாலையில் ஆர்மோனியத்தைத் தொடுவதற்கு முன்பே அன்றைய சோற்றுக்கு வழி இருந்தது. எங்களுக்கு அந்தப் பகல் வேலை கிடையாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புக்கும் செம்பனைக்கும் போய், நாம் எல்லோரும் நகரத்து அடுக்குமாடிக்கு வந்துவிட்டோம். தோட்டம் கொடுத்ததை இங்கே கொடுப்பார் இல்லை.

ஒரு கல்யாண டின்னருக்குப் பாடப் போகிறேன் என்றால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஒரே வட்டாரத்தில் அதே புடவையைத் திரும்பக் கட்ட முடியாது. மேக்கப் என் செலவு. இரவு ஒரு மணிக்குத் தனியாகக் கார் ஓட்டி வர வேண்டும். இதோடு சேர்ந்து கூட்டத்தில் யாராவது மேடைக்கு வந்து மைக்கைப் பிடுங்குவதையும் சிரித்த முகத்தோடு சமாளிக்க வேண்டும். ஏற்பாட்டாளர் ஒருவர் என்னிடம், "குரல்தானே, உங்களுக்குக் கருவி வாடகைகூடக் கிடையாதே" என்று பேரம் பேசினார். இந்தக் குரலுக்காகப் பதினைந்து வயதிலிருந்து சாதகம் செய்கிறேன் ஐயா.

பள்ளி விழா பற்றிச் சொன்னீர்கள். சிறிய பள்ளிக்கு நான் சும்மாவே பாடியிருக்கிறேன், இனியும் பாடுவேன். எங்கே இலவசமாகப் பாடுவது என்பதை நான் தீர்மானிக்க வேண்டும், அவ்வளவுதான். மேசைக்கு 1,000 வெள்ளி வசூலிக்கிற விருந்தில் "சமூகத்துக்காகச் செய்யுங்கள்" என்று கேட்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம், கலைஞர்கள் படிக்கிறார்கள் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதலில் டாக்சி, இ-ஹெய்லிங் (செயலி வழி டாக்சி) ஓட்டுநர்களுக்குத்தான் வந்தது. 2020இலிருந்து கலைஞர்களையும் சேர்த்துவிட்டார்கள். நான் பெர்கேசோவில் (சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) சேர்ந்தபோது மிகக் குறைந்த திட்டம் ஆண்டுக்கு 157 வெள்ளி 20 சென். வேலையில் அடிபட்டால் மருத்துவச் செலவும், வேலை செய்ய முடியாத நாட்களுக்குப் பணமும் உண்டு. ஸ்பீக்கர் தூக்குகிறவர்கள், டிரம்மர்கள் கட்டாயம் சேருங்கள். ஊழியர் சேமநிதியில் நம்மைப் போன்ற சுயதொழில்காரர்களுக்கு ஐ-சரான் என்று ஒரு சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 2025இலிருந்து நாம் போடுகிற பணத்தில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, அரசு சேர்த்துப் போடுகிறது. ஆயுளுக்கு 5,000 வெள்ளி உச்சவரம்பு. வருமான வரிக்கு ஆண்டுதோறும் போரம் பி (தொழில் வருமானப் படிவம்) அனுப்புங்கள், ஜூன் 30க்குள். வரி கட்டுகிற அளவுக்குச் சம்பாதிக்காவிட்டாலும் அனுப்புங்கள். வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால் நம்மைத் தொழில் செய்கிறவராகக் காட்டுவது அந்தத் தாள்தான்.

---

உறுமி ரவாங் | சனி, இரவு 8:50

அக்கா, பெர்கேசோ விவரத்துக்கு நன்றி. எங்கள் குழுவில் யாருக்குமே இது தெரியாது.

நான் உறுமி மேளக் குழுவில் இருக்கிறேன். பகலில் டயர் கடையில் வேலை. நீங்கள் எல்லோரும் பேசுவதைப் படித்தபோது ஒன்று கேட்கத் தோன்றியது. இந்தப் பேச்சில் நாங்கள் இருக்கிறோமா? ஆர்கெஸ்ட்ராவுக்குக் கூலி வரவில்லை என்றால் உங்களைக் கலைஞர் என்று ஒப்புக்கொண்டுதான் ஏமாற்றுகிறார்கள். எங்களை அப்படிக்கூட யாரும் ஒப்புக்கொள்வதில்லை. திருவிழாவுக்கு நாங்கள் வேண்டும், ஊர்வலத்துக்கு வேண்டும், சாவு வீட்டுக்கு வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் "உறுமிப் பையன்கள்" என்று ஒரு மாதிரி பேசுவார்கள்.

2024 மே மாதம் கோல குபு பாரு இடைத்தேர்தல் நடந்தது, எங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். பிரமுகர் வரும்போது வாசிக்க எங்களைக் கூப்பிட்டார்கள். எந்தக் கட்சி என்று சொல்லவில்லை. வெயிலில் நின்று வாசித்தோம். ஆளுக்கு ஒரு டீ-சட்டையும் ஒரு பொட்டலம் நாசி லெமாக்கும் கொடுத்தார்கள். குழுவுக்குப் பேசிய தொகையில் பாதிதான் வந்தது. மீதியைக் கேட்டால், "தம்பி, தேர்தல் முடிந்துவிட்டதே" என்றார் பொறுப்பாளர்.

---

ஈப்போ வாத்தியார் | ஞாயிறு, காலை 7:20

பாடகியின் பதிலை ஏற்கிறேன். தோட்டச் சம்பளம் பற்றி அவர் சொன்னது சரியான பார்வை.

உறுமித் தம்பிக்கு: உங்களுக்கு நடந்தது அநியாயம், அதில் சந்தேகமில்லை. ஆனால் பெயர் கெடுவதற்குக் காரணம் முழுவதும் ஊர்தான் என்று என்னால் சொல்ல முடியாது. தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் சினிமாப் பாட்டு வாசித்துக் கூச்சல் போட்டுக்கொண்டு போகிற குழுக்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பக்திப் பாடல் மட்டும் என்று கோயில்கள் மறுபடி மறுபடி அறிவிக்க வேண்டியிருக்கிறது. மரியாதை வேண்டுமென்றால் கட்டுப்பாடும் வேண்டும்.

---

பிறை தபேலா | ஞாயிறு, மதியம் 12:45

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். தபேலா வாசிக்க ஆரம்பித்து நெடுங்காலம் ஆகிவிட்டது. தமிழ் மேடையில் மட்டும் வாசித்திருந்தால் என்றோ கையை மடக்கி வைத்திருப்பேன். டங்டுட் என்கிற மலாய் ஆட்டப்பாட்டுக் குழுக்களுக்கு வாசித்தேன், ஜொகூருக்குப் போய் கஸல் கச்சேரிகளுக்கு வாசித்தேன். அந்தக் கஸலில் ஆர்மோனியமும் தபேலாவும்தான் முதுகெலும்பு. பாடுவது மலாயில். பக்கத்தில் காம்பூஸ் என்கிற நரம்புக் கருவியும் வயலினும் இருக்கும். அங்கே இருந்த வயதான ஆர்மோனியக்காரர் ஒருவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த தாளக்கட்டை நான் எந்தத் தமிழ் ஆசிரியரிடமும் கற்றதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த இழையில் பண்பாடு என்றதும் எல்லோரும் அதை நமக்குள்ளேயே வைத்துப் பேசுகிறோம். பினாங்கில் இருந்தால் அப்படிப் பேசவே முடியாது. பங்சாவான் என்கிற மலாய் இசை நாடகம் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பினாங்குத் தீவில் உருவானது. போரியா என்கிற பினாங்கு மலாய்ப் பாட்டுக்கூத்திலும் இந்திய வேர் இருக்கிறது. இங்கே பிறந்த மலாய்த் திரைக் கலைஞர் பி. ரம்லியை 1950இல் முதன்முதலாகக் கதாநாயகனாக நடிக்க வைத்த இயக்குநர் எல். கிருஷ்ணன், ஒரு தமிழர். அப்புறம் அல்லிகேட்ஸ் இசைக்குழு. லோகநாதன் ஆறுமுகமும் அண்ணன் டேவிட்டும் பினாங்குப் பிள்ளைகள். மலாய்ப் பாட்டில் அந்தக் குரலுக்கு இணை சொல்ல எனக்குத் தெரியவில்லை. 2007இல் லோகநாதன் இறந்தபோது எங்கள் கம்பத்து (கிராமத்து) மலாய்க்காரர்கள் அழுததைப் பார்த்தேன். நம் மேடைகளில் பண்பாடு பற்றிப் பேசுகிற யாராவது இவர்களைப் பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? மலாயில் பாடியதால் அவர்களை நம் கணக்கில் சேர்ப்பதில்லை. மலாய்ப் பண்பாட்டு வரலாறு எழுதுகிறவர்களோ அவர்களின் தமிழ் வீட்டைப் பற்றி இரண்டு வரியோடு தாண்டிவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து இழந்தது பெரிய சொத்து.

இளைய கலைஞர்களுக்கு என் அபிப்பிராயம்: இந்த நாட்டின் இசை முழுவதும் உங்கள் வேலைக்களம். யோகி பி-யும் அவர் தலைமுறையும் ஆங்கிலத்தில் ராப் ஆரம்பித்து, 2006 வாக்கில் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது சென்னையே இங்கே திரும்பிப் பார்த்தது. அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

வாத்தியார் ஐயா, உறுமி பற்றி உங்களோடு நான் உடன்படவில்லை. கூச்சலும் குடியும் தவறுதான், அதைக் குழுக்களே தடுக்க வேண்டும். ஆனால் இந்த நாட்டில் எந்த மானியமும் இல்லாமல், எந்த ஆசிரியரும் இல்லாமல், தமிழ் இளைஞர்கள் இத்தனை பேர் தோல்கருவியைக் கையால் தொட்டு வாசிக்கிறார்கள் என்றால் அது உறுமி மேளத்தில்தான். கர்நாடக இசை வகுப்புக்கு மாதம் 150 வெள்ளி கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து அந்த உறுமல் ஒலியைச் சீராக எழுப்புவது லேசான காரியமில்லை, நான் முயன்று பார்த்திருக்கிறேன். சாவு வீட்டில் வாசிக்கிறவன் என்பதால் அவனைக் கீழே வைக்கும் பழக்கம் எங்கிருந்து கப்பலேறி வந்தது என்று நம் எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லாமல் கட்டுப்பாட்டை மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

---

உறுமி ரவாங் | ஞாயிறு, மதியம் 1:10

நன்றி ஐயா. எங்கள் குழுவில் எல்லோருக்கும் இதைப் படித்துக் காட்டினேன்.

---

நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் கே.எல். | ஞாயிறு, மாலை 5:30

ஏற்பாட்டாளர் தரப்பில் யாரும் பேசவில்லை, அதனால் வருகிறேன். எங்களைத் திட்டுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். விளம்பரதாரரிடம் போனால் முதல் கேள்வி, "சென்னையிலிருந்து யார் வருகிறார்கள்?" உள்ளூர்ப் பெயரைச் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். சினிமாப் பாடகர் ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் குழுவுக்கு விமானம், ஹோட்டல், புஸ்பால் அனுமதி (வெளிநாட்டுக் கலைஞருக்கான அரசு அனுமதி), அரங்க வாடகை எல்லாம் போய்த்தான் உள்ளூர் வாத்தியக்காரர்களுக்கு மிச்சம் வருகிறது. நான் கெட்டவன் இல்லை, எஞ்சியதைப் பகிர்கிறேன்.

வானொலியிலும் இதே நிலைதான். நாள் முழுவதும் கோடம்பாக்கத்துப் பாட்டைக் கேட்டுப் பழகிய ரசிகர் உள்ளூர்ப் பாட்டுக்கு எப்படி டிக்கெட் வாங்குவார்? மின்னல், ராகா வானொலிகளில் உள்ளூர்ப் பாடல்கள் வருகின்றன, ஆனால் எவ்வளவு, எந்த நேரத்தில் என்று கேட்டுப் பாருங்கள்.

---

கிள்ளான் சவுண்ட் | ஞாயிறு, மாலை 6:00

2023இல் செப்பாங்கில் நடந்த குட் வைப்ஸ் இசை விழா பாதியில் ரத்தானதிலிருந்து வெளிநாட்டுக் கலைஞர் நிகழ்ச்சிகளுக்குக் ‘கில் சுவிட்ச்’ வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். மேடையில் தகாத காரியம் நடந்தால் சவுண்டையும் லைட்டையும் உடனே நிறுத்த வேண்டும். அந்தப் பொறுப்பும் எங்கள் ஆட்கள் தலையில்தான். பொறுப்பு கூடியது, கட்டணம் கூடவில்லை.

---

செந்தூல் கீபோர்டு | ஞாயிறு, இரவு 10:20

எல்லோருக்கும் நன்றி. ஏற்பாட்டாளர் நண்பர் மனம்விட்டு எழுதியது நல்லது, ஆனால் அவர் கணக்கில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் விமானம், பிறகு ஹோட்டல், பிறகு அரங்கம், எஞ்சியது வாத்தியக்காரனுக்கு. விமான நிறுவனத்திடம் "எஞ்சியதைத் தருகிறேன்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாத்தியக்காரனிடம் மட்டும் சொல்ல முடிகிறது, ஏனென்றால் அவன் மறுக்க மாட்டான் என்று தெரியும். அந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. உள்ளூர்க் கலைஞர் சம்பளம் பட்ஜெட்டின் முதல் வரியில் வர வேண்டும். அரசு மானியத்தில் நடக்கிற நிகழ்ச்சி என்றால் அதை நிபந்தனையாகவே வைக்க வேண்டும்: கலைஞருக்குப் பணம் போய்ச் சேர்ந்த ரசீது இல்லாமல் அடுத்த மானியம் கிடையாது. மித்ராவானாலும் கலைகளுக்கு மானியம் தருகிற செண்டானாவானாலும் இதை எழுதிச் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. ஒரு ஒய்.பி. (மக்கள் பிரதிநிதி) நாடாளுமன்றத்தில் எழுந்து கேட்டால் போதும்.

கட்சி நிகழ்ச்சிகளில் வாசிக்கலாமா என்று தனிச் செய்தியில் இருவர் கேட்டார்கள். நான் வாசிப்பேன், எந்தக் கட்சியானாலும். பேச்சாளர் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லாத இரவுகள் உண்டு. என் ஓட்டு என்னிடம் இருக்கிறது, வாசிப்பு என் தொழில். இனத்தையோ மதத்தையோ இழிவாகப் பேசுகிற மேடை என்றால் மட்டும் போக மாட்டேன். கட்சி நிகழ்ச்சிக்கு மட்டும் முழுப் பணத்தையும் முன்பே வாங்கிவிடுவேன். ரவாங் தம்பி, நீங்களும் அப்படியே செய்யுங்கள். தேர்தல் முடிந்த மறுநாள் அந்தக் கட்சியின் தேர்தல் நடவடிக்கை அறை காலியாகிவிடும், யாரைத் தேடுவது?

சொந்தமாக மெட்டமைக்கிறவர்கள், பாடல் எழுதுகிறவர்கள் எம்.ஏ.சி.பி.யில் (பாடல் உரிமைத்தொகை வசூலிக்கிற அமைப்பில்) பதிவு செய்துவிடுங்கள். பாட்டு பொதுவில் ஒலித்தால் உரிமைத்தொகை அந்த வழியாகத்தான் வரும். மற்றவர் பாட்டை மேடையில் வாசிக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அதில் எதுவும் கிடையாது, அன்றைய கூலி மட்டும்தான். அதனால்தான் அந்தக் கூலியைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

---

உறுமி ரவாங் | ஞாயிறு, இரவு 11:05

அண்ணே, அந்த இடைத்தேர்தல் பாக்கியை இப்போது கேட்க முடியுமா? எங்களிடம் ஒப்பந்தம் எதுவும் இல்லை. வாட்சாப்பில் பேசியது மட்டும் இருக்கிறது.

---

மேடைப்பாடகி பி.ஜே. | ஞாயிறு, இரவு 11:30

கேட்கலாம் தம்பி. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட பாக்கிக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு போடலாம். வக்கீல் தேவையில்லை, பதிவுக் கட்டணமும் சிறிய தொகைதான். தனிநபர் பெயரில் போட வேண்டும், அதனால் குழுவில் யார் பேசி முடித்தாரோ அவர் போகட்டும். நானும் ஒரு பாக்கிக்காகப் போயிருக்கிறேன். விசாரணைக்கு முன்தினம் எதிர்த்தரப்பு போன் செய்து பணத்தை அனுப்பிவிட்டது.

வாட்சாப் செய்திகளை அழிக்காதீர்கள். தொகை, தேதி, இடம், யார் கூப்பிட்டது என்று தெரிகிற பக்கங்களையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்சடித்துக்கொள்ளுங்கள். அன்று வாசித்த வீடியோ இருந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பொறுப்பாளருக்குத் தேதி குறிப்பிட்டு ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள், பதினான்கு நாள் அவகாசம் கொடுங்கள். கடிதம் எழுதத் தெரியவில்லை என்றால் எனக்குத் தனிச் செய்தி போடுங்கள், என்னுடையதைப் பெயரை நீக்கி அனுப்புகிறேன். மலாயில் இருக்கிறது.

---

ஈப்போ வாத்தியார் | திங்கள், காலை 6:50

மலாய்க் கடிதத்தைச் சரிபார்க்க வேண்டுமென்றால் எனக்கு அனுப்புங்கள், செய்து தருகிறேன். எங்கள் கோயில் நிர்வாகக் கூட்டம் இந்த மாதக் கடைசியில். உறுமிக் குழுவுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேசிய தொகையைத் திருவிழா அன்றே, கொடியிறக்கத்துக்கு முன் கொடுத்துவிட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். நிறைவேறுமா என்று பார்ப்போம், எதிர்க்க ஆட்கள் உண்டு.